ஏழாம் தலைமுறைப் பேராசிரியை

1963 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் ஒரு நாள். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், பசிபிக் கடலோரத்தில் அமைந்த லா ஹோயா என்னும் ஊரில் இன்னும் பொழுது விடியவில்லை. ஒரு வீட்டில் தொலைபேசி மணி அடித்தது. சுவீடன் நாட்டிலிருந்து வந்த அழைப்பு அது. அவ்வாண்டின் பௌதிக நோபல் பரிசில் அவ்வீட்டு அம்மையாருக்கும் ஒரு பங்கு உண்டு என்பதே செய்தி. அம்மையாருக்கு உடனே நம்பிக்கை வரவில்லை. மெய்தானா என்று கேட்டார். அருகிலிருந்த கணவருக்கோ ஐயமே எழவில்லை. அவர் ஷாம்பெயின் புட்டியை எடுத்துப் பனிக்கட்டியில் வைத்துவிட்டார்.

அம்மையார், மரியா கோப்பர்ட் மேயர். கணவர், ஜோசப் மேயர். அவரும் பேராசிரியரே, இரசாயனத்துறையில் பெயர் பெற்றவர். மறுநாள் அவ்வட்டாரத்துச் செய்தித்தாள் ஒன்று, சான் டியேகோ நகரத் தாய் ஒருவர் நோபல் பரிசு பெற்றார் என்ற பொருள்படத் தலைப்பிட்டுச் செய்தி வெளியிட்டது. தலைப்பில் பிழையில்லை. அவர் ஒரு மகளுக்கும் ஒரு மகனுக்கும் தாய்தான். ஆயினும், ஆடவர் ஒருவர் அப்பரிசைப் பெறும்போது ‘தந்தை ஒருவர் பரிசு பெற்றார்’ என்று தலைப்பிடும் வழக்கம் எந்த நாட்டிலும் இல்லை என்பதைத் தமிழாசிரியர்கள் கவனிக்க வேண்டும். ஒரு சொல்லைத் தேர்ந்தெடுப்பதிலேயே ஒரு காலத்தின் மனநிலை வெளிப்பட்டுவிடுகிறது அன்றோ?

உலகம் அறிந்தது 1963 ஆம் ஆண்டின் பரிசைத்தான். ஆனால் மேயர் குடும்பத்தின் வரலாற்றை நோக்கினால், அதற்கு மூன்றாண்டு முன்னர் நிகழ்ந்த மற்றொன்றே அரிதிற் கிட்டிய பேறு எனத் தோன்றும். 1960 ஆம் ஆண்டில், ஐம்பத்து மூன்று வயது நிறைந்திருந்த நிலையில், மரியா அம்மையார் முழுநேரச் சம்பளத்துடன் ஒரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக அமர்த்தப்பட்டார். அவர் டாக்டர் பட்டம் பெற்றது 1930 ஆம் ஆண்டில். இடைப்பட்ட முப்பது ஆண்டுகளும் அவர் சும்மா இருந்துவிடவில்லை. பாடம் நடத்தினார், மாணவர்களை ஆய்வாளர்களாக்கினார், நூல் எழுதினார், பின்னால் நோபல் பரிசை ஈட்டித் தந்த கண்டுபிடிப்பையும் அந்த முப்பது ஆண்டுகளுக்குள்ளேயே நிகழ்த்தினார். இல்லாதது முழுநேரச் சம்பளம் ஒன்றுதான்.

இஃது எவ்வாறு நேர்ந்தது என்பதை அறிய, அவர் பிறந்த குடியிலிருந்து தொடங்க வேண்டும்.

மரியா 1906 ஆம் ஆண்டு ஜூன் 28 ஆம் நாள், அன்று பிரஷ்யாவைச் சேர்ந்ததும் இன்று போலந்து நாட்டில் உள்ளதுமான கட்டோவிட்சு நகரில் பிறந்தார். பெற்றோருக்கு ஒரே குழந்தை. தந்தையார் பிரீட்ரிஷ் கோப்பர்ட், குழந்தை மருத்துவர். 1910 ஆம் ஆண்டில் அவருக்குக் கெட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி கிட்டவே, குடும்பம் அவ்வூருக்குக் குடிபெயர்ந்தது. அவர் தம் குடியில் தொடர்ந்து வந்த ஆறாம் தலைமுறைப் பேராசிரியர். நம்மிடையே புலவர் மரபு, வைத்திய மரபு, நாதசுர மரபு என்று குடிவழிச் சொத்தாகக் கலை வருவதை அறிவோம். கோப்பர்ட் குடிக்குப் பேராசிரியப் பதவி அத்தகையது. ஆனால் ஏழாம் தலைமுறையில் பிறந்ததோ பெண். தந்தையார் அதனால் மனந்தளரவில்லை. நீ வளர்ந்து வெறும் குடும்பப் பெண்ணாக இருந்துவிடாதே என்பது அவர் மகளுக்குக் கூறிய அறிவுரை என்று அம்மையார் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

கெட்டிங்கன் அக்காலத்தில் கணிதத்துக்கும் பௌதிகத்துக்கும் உலகின் தலைநகர் போன்றது. கணித மேதை டேவிட் ஹில்பர்ட் கோப்பர்ட் குடும்பத்தின் அண்டை வீட்டார், நண்பர். ஆயினும் அறிவுக்குப் பெயர்போன அந்த ஊரும் பெண்களைப் பொறுத்தவரை வேறு கணக்கு வைத்திருந்தது. எம்மி நோதர் என்னும் பெருங்கணித அறிஞர் அங்கே சில ஆண்டுகள் ஹில்பர்ட்டின் பெயரில் அறிவிக்கப்பட்ட வகுப்புகளைத் தாம் நடத்த வேண்டியிருந்தது. 1919 இல்தான் தம் பெயரில் பாடம் சொல்லும் உரிமை அவருக்குக் கிடைத்தது; அதற்கும் உடனே சம்பளம் இல்லை. மரியாவுக்குப் பின்னால் நேர்ந்தது அவர் ஒருவருக்கே உரிய தீயூழ் அன்று என்பதற்காக இதனைக் குறிப்பிட நேர்ந்தது.

1924 ஆம் ஆண்டில் மரியா கணிதம் பயிலப் பல்கலைக்கழகம் புகுந்தார். அங்கே மாக்ஸ் போர்ன் என்னும் ஆசான் நடத்திய வகுப்பு அவரைப் பௌதிகத்தின் பக்கம் திருப்பியது. அணுவின் உள்ளே நிகழ்வனவற்றை விளக்கும் குவாண்டம் இயல் அந்த ஊரில், அந்த ஆண்டுகளில்தான் உருப்பெற்றுக்கொண்டிருந்தது. 1927 இல் தந்தையார் காலமானார். குடும்பச் செலவுக்காகத் தாயார் வீட்டில் மாணவர்களுக்கு இடமளித்து உணவிடலானார். அவ்வாறு தங்க வந்தவருள் ஒருவரே ஜோசப் மேயர் என்னும் அமெரிக்க இளைஞர். 1930 ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் இருவர்க்கும் திருமணம் நிகழ்ந்தது. அவ்வாண்டிலேயே மரியாவின் டாக்டர் பட்டத் தேர்வும் நடந்தது. தேர்வாளர் மூவர்: மாக்ஸ் போர்ன், ஜேம்ஸ் பிராங்கு, அடால்ப் வின்டவுஸ். பின்னிருவரும் அப்போதே நோபல் பரிசு பெற்றவர்கள். போர்ன் 1954 இல் பெற்றார். ஓர் அணு ஒரே நேரத்தில் இரண்டு ஒளித்துகள்களை விழுங்கக்கூடும் என்று அந்த ஆய்வேடு கணக்கிட்டுக் காட்டியது. அதைக் கண்ணாற் காண்பதற்குரிய வலிய ஒளி அன்று உலகில் இல்லை. லேசர் வந்த பிறகு, 1961 ஆம் ஆண்டில்தான் அது சோதனையில் மெய்ப்பிக்கப்பட்டது.

திருமணமான தம்பதியர் அமெரிக்காவின் பால்டிமோர் நகருக்குச் சென்றனர். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கணவருக்கு வேலை. மனைவிக்கு இல்லை. காரணம், ஒரு விதி. உறவினரை ஒரே நிறுவனத்தில் வேலைக்கு வைக்கலாகாது என்பது அது. அதிகாரத்தில் இருப்பவர் தம் மைத்துனனையும் மருமகனையும் கொண்டுவந்து நாற்காலிகளை நிரப்பிவிடாதபடி தடுக்க ஏற்பட்ட விதி என்ற அளவில் அது நல்லதே. ஆனால் கணவனும் மனைவியும் தத்தம் தகுதியால் அறிஞராயிருக்கும்போதும் அதே விதி கண்ணை மூடிக்கொண்டு பாய்ந்தது. பாய்ந்தபோதெல்லாம் பெரும்பாலும் வேலையை இழந்தவள் மனைவியே. அது பொருளாதார மந்த காலமாகவும் இருந்தது. ஒரு வீட்டுக்கு இரண்டு சம்பளமா என்ற கேள்வியை எழுப்பவே பலர் நாணவில்லை.

பல்கலைக்கழகம் மரியாவுக்குத் தந்தது, ஜெர்மன் மொழிக் கடிதப் போக்குவரத்தைக் கவனிக்கும் உதவியாளர் வேலை. அதற்கு ஒரு சிறு தொகை. உட்கார்ந்து ஆராய ஓரிடம். அந்த இடத்திலிருந்துதான் அவர் இரசாயன அறிஞர்களோடு சேர்ந்து ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார். மேல்வகுப்புகளுக்குப் பாடமும் சொன்னார். 1933 இல் மகள் மேரியன் பிறந்தாள். 1938 இல் மகன் பீட்டர். இல்லத்தின் பொறுப்பு மிகுந்தபோது ஆய்வை விட்டுவிடக்கூடாது என்று வற்புறுத்தியவர் கணவரே. மனைவியின் படிப்பைத் தம் வீட்டின் பெருமையாகக் கருதும் ஆடவர் இக்காலத்திலும் நிறைய இல்லை. அக்காலத்தில் மிகச் சிலரே. ஜோசப் அதைப் பெருமையாக மட்டும் கருதவில்லை, வேலையாகவும் கருதினார் என்பதே அவரிடம் கவனிக்கத்தக்கது.

1939 இல் அவர்கள் நியூயார்க்கிலுள்ள கொலம்பியாப் பல்கலைக்கழகத்துக்கு மாறினர். அங்கும் கணவருக்குப் பதவி. மனைவிக்கு ஓர் அறை மட்டும். 1940 இல் இருவரும் சேர்ந்து எழுதிய புள்ளியியல் விசையியல் பாடநூல் வெளிவந்தது. முகப்பில் இருவர் பெயரும் இருந்தும், கணவர் எழுத மனைவி துணைசெய்திருப்பார் என்றே பலர் எண்ணிக்கொண்டனர். 1941 ஆம் ஆண்டின் இறுதியில் சேரா லாரன்சு என்னும் மகளிர் கல்லூரியில் பாதிநேர ஆசிரியர் வேலை கிடைத்தது. நோபல் பரிசுக்குரிய மூளைக்குக் கிடைத்த முதல் முறையான ஆசிரியச் சம்பளம் அது. போர்க்காலத்தில் யுரேனியத்தைப் பிரித்தெடுக்கும் ஆராய்ச்சியிலும் அவர் பணியாற்றினார். போர் வந்தால் ஆட்கள் தேவைப்படுகிறார்கள். அப்போது விதிகள் சற்றே கண்ணயர்கின்றன.

போர் முடிந்தபின் 1946 இல் குடும்பம் சிகாகோ சென்றது. சிகாகோப் பல்கலைக்கழகத்திலும் அதே விதி. ஆகவே அவர் சம்பளமில்லாத் தொண்டுப் பேராசிரியர். எனினும் ஒரு வேறுபாட்டைச் சொல்லாமல் விடுதல் நேர்மையாகாது. தம்மை ஓர் இடையூறாகக் கருதாமல் இரு கைகளையும் விரித்து வரவேற்ற முதலிடம் அதுவே என்று அம்மையார் தாமே எழுதியிருக்கிறார். அவ்வாண்டில் தொடங்கப்பட்ட ஆர்கான் தேசிய ஆய்வுக்கூடத்தில் பாதிநேர வேலையும் கிடைத்தது. அதை ஏற்பாடு செய்தவர் ராபர்ட் சாக்ஸ். ஜான்ஸ் ஹாப்கின்சில் அம்மையாரிடம் பயின்ற மாணவர். அணுக்கருவைப் பற்றித் தமக்கு மிகுதியாகத் தெரியாது என்று அம்மையார் தயங்கினாராம். கற்றுக்கொண்டார். ஆசிரியைக்கு மாணவர் வேலை கொடுக்க, அந்த வேலை நோபல் பரிசில் கொண்டுபோய் விட்டது!

இனி அக்கண்டுபிடிப்பைச் சற்று விளக்கமாகக் காண்போம்.

அணுவின் நடுவே கருவும் அதனைச் சுற்றி எலெக்ட்ரான்களும் இருப்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். கருவினுள் புரோட்டான், நியூட்ரான் என்னும் இருவகைத் துகள்கள் உள்ளன. இவை ஒழுங்கின்றி நெருக்கியடித்துக்கொண்டு, ஒரு நீர்த்துளிக்குள் மூலக்கூறுகள் கிடப்பதுபோல் கிடக்கின்றன என்பதே அன்று பெரும்பாலோர் கொள்கை. ஆனால் மரியா அம்மையார், உலகில் எந்தெந்த மூலகம் எவ்வளவு உள்ளது என்ற பட்டியலை எட்வர்டு டெல்லரோடு ஆராய்ந்தபோது ஒரு புதுமையைக் கண்டார். கருவில் புரோட்டானோ நியூட்ரானோ 2, 8, 20, 28, 50, 82, 126 என்ற எண்களில் ஒன்றாக அமையுமானால் அக்கரு தனி உறுதி பெறுகிறது. வெள்ளீயத்தில் புரோட்டான் 50. அதற்குச் சிதையாத ஓரிடத்தான்கள் பத்து, வேறு எந்த மூலகத்துக்கும் இத்தனை இல்லை. ஈயத்தில் புரோட்டான் 82. அதன் மிகக் கனமான நிலைத்த வகையில் நியூட்ரான் 126. இவ்வெண்களுட் சிலவற்றை வால்டர் எல்சாசர் 1930-களிலேயே சுட்டியிருந்தார். காரணம் காட்ட இயலாமையால் அதை எவரும் பொருட்படுத்தவில்லை. யூஜின் விக்னர் இவ்வெண்களுக்கு ‘மாய எண்கள்’ என்று பெயரிட்டார். அப்பெயரில் கொஞ்சம் கேலியும் கலந்திருந்தது என்பர்.

துகள்கள் துளிபோற் குழம்பிக் கிடக்கவில்லை. வெங்காயத்தின் தோல்போல அடுக்கடுக்காக இயங்குகின்றன. ஓர் அடுக்கு நிறைந்தவுடன் கரு உறுதி பெறுகிறது என்று அம்மையார் கருதினார். (வுல்ப்காங் பௌலி என்னும் அறிஞர் இதனால் அவருக்கு ‘வெங்காய மாதா’ என்று விளையாட்டாகப் பெயர் சூட்டினார்.) ஆனால் கணக்கு முழுதும் ஒத்துவரவில்லை. எளிய கணக்கின்படி அடுக்குகள் நிறைய வேண்டிய எண்கள் 2, 8, 20, 40, 70, 112. முதல் மூன்றும் சரி. அதன்பின் எல்லாம் தவறு.

ஒரு நாள் அம்மையாரின் அறையில் என்ரிகோ பெர்மியுடன் இதுபற்றிப் பேச்சு நடந்தது. பெர்மிக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. எழுந்து செல்கையில், துகளின் தற்சுழற்சிக்கும் அதன் சுற்றோட்டத்துக்கும் இணைப்பு ஏதேனும் இருப்பதற்குச் சான்று உண்டா என்று ஒரு கேள்வியைப் போட்டுவிட்டுப் போனார். அவர் திரும்பிவருமுன் அம்மையாரின் மனத்தில் விடை முழுவதும் பொருந்திவிட்டது.

அவ்விடையை அம்மையார் மேனாட்டு வால்ட்சு நடனத்தைக் கொண்டு விளக்குவார். நமக்குக் கும்மியே போதும். கும்மியடிக்கும் பெண்கள் வட்டமாகச் சுற்றிவரும்போதே ஒவ்வொருவரும் தம்மைத் தாமும் சுழற்றிக்கொள்வதாகக் கொள்வோம். வட்டம் செல்லும் திசையிலேயே தாமும் சுழல்பவர் சிலர். எதிர்த்திசையில் சுழல்பவர் சிலர். இவ்விரு திறத்தார்க்கும் செலவாகும் ஆற்றல் ஒன்றாக இராது. அணுக்கருவிலும் அவ்வாறே, ஒரே திசையில் சுழல்பவற்றின் ஆற்றல் குறைகிறது. அவ்வேறுபாடு சிறிதாயிருக்கும் என்று எல்லோரும் எண்ணினர். பெரிது என்று கொண்டால் என்ன ஆகும்? மேலடுக்கைச் சேர்ந்த ஒரு கூட்டம் ஆற்றல் குறைந்து கீழே இறங்கிவிடும். அவ்வாறு இறங்கும் கூட்டங்களின் அளவு முறையே 8, 10, 12, 14. இனிக் கூட்டிப் பார்க்கலாம்: 20-உடன் 8 சேர 28. 40-உடன் 10 சேர 50. 70-உடன் 12 சேர 82. 112-உடன் 14 சேர 126. மாயம் நீங்கிற்று, எண் நின்றது. வகுப்பறையில் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதற்கு இதைவிட அழகிய கூட்டல் கணக்கு அரிது.

இதே முடிவை அதே காலத்தில் ஜெர்மனியில் ஹான்ஸ் யென்சனும் அவர் நண்பர் இருவரும் தனியே கண்டிருந்தனர். அதை அறிந்த அம்மையார், தம் கட்டுரை அவர்களுடையதோடு ஒரே இதழில் வரட்டும் என்று இதழாசிரியரைக் கேட்டுக்கொண்டார். நேர்ந்ததோ வேறு, அவர்களுடையது முந்தியும் இவருடையது அதற்கடுத்த இதழிலும் 1949 இல் வெளிவந்தன. இதனால் பகைமை விளையவில்லை. பின்னர் யென்சனும் அம்மையாரும் சேர்ந்து ஒரு நூலே எழுதி 1955 இல் வெளியிட்டனர். ‘முதலில் கண்டவர் யார்’ என்ற பூசலில் ஆண்டுகளைக் கழிக்கும் புலமையாளர் நம் துறையிலும் உண்டாகையால், இச்செய்தி நினைவில் வைக்கத்தக்கது.

1956 இல் அமெரிக்கத் தேசிய அறிவியற் கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அப்போதும் பல்கலைக்கழகச் சம்பளம் இல்லை. நாட்டின் மிக உயர்ந்த அறிஞர் அவையில் இடமுண்டு. தாம் பாடம் நடத்தும் இடத்துச் சம்பளப் பட்டியலில் பெயர் இல்லை.

சான் டியேகோவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் புதிய கிளை உருவாகிக்கொண்டிருந்தது. அதற்குப் பேரறிஞர்கள் தேவைப்பட்டனர். கணவன் மனைவி இருவரையும் பேராசிரியராகவே அழைத்தனர்; இருவர்க்கும் சம்பளம். பழைய பல்கலைக்கழகங்கள் பல ஆண்டுகளாக முடியாது என்று சொல்லிவந்த ஒன்று, புதிதாய்த் தோன்றிய இடத்தில் ஒரு கையெழுத்தில் முடிந்தது. கோப்பர்ட் குடியின் ஏழாம் தலைமுறை அன்றுதான் குறைவற நாற்காலியில் அமர்ந்தது. மகளை அந்நிலையில் காண ஆசைப்பட்ட தந்தையார் மறைந்து அப்போது முப்பத்து மூன்று ஆண்டுகள் கழிந்திருந்தன.

அந்த மகிழ்ச்சியிலும் ஒரு துயர் வந்து சேர்ந்தது. சான் டியேகோ வந்த சிறிது காலத்துக்குள் அம்மையாரைப் பக்கவாதம் தாக்கியது. அவர் முற்றும் நலம் பெறவே இல்லை. முப்பது ஆண்டு காத்திருந்து பெற்ற பதவியை நல்ல உடலோடு துய்த்த காலம் சில திங்கள்களே. ஆயினும் பாடம் நடத்துவதை நிறுத்தவில்லை, ஆய்வையும் விடவில்லை. 1963 நவம்பரில் அந்தத் தொலைபேசி மணி அடித்தபோது ஜோசப் மேயர் அவ்வளவு விரைந்து கொண்டாட முற்பட்டதற்கு, இவை யாவற்றையும் உடனிருந்து கண்டவர் அவர் என்பதே காரணமாதல் வேண்டும்.

பரிசில் பாதி விக்னருக்கு. மீதிப் பாதியை மரியா அம்மையாரும் யென்சனும் பகிர்ந்துகொண்டனர். டிசம்பர்த் திங்களில் ஸ்டாக்ஹோம் நகரில் நடந்த விழாவில் சுவீடன் மன்னர் ஆறாம் குஸ்தாவ் அடால்ப் அம்மையாரைக் கைகோத்து அழைத்துச் செல்லும் நிழற்படம் இன்றும் காணக் கிடைக்கிறது. 1903 இல் மேரி கியூரி அம்மையார் பெற்றபின் பௌதிகத்தில் அப்பரிசைப் பெற்ற இரண்டாம் பெண்மணி இவர். இடையே அறுபது ஆண்டுகள். பரிசு பெற்றது, அந்த வேலையைச் செய்ததில் பாதியளவு மகிழ்ச்சியைக்கூடத் தரவில்லை என்று அவர் பின்னர்ச் சொன்னதாகக் கூறுவர். முழுநேரச் சம்பளமின்றி முப்பது ஆண்டு உழைத்தவர் சொன்னது ஆகையால் அதை வெறும் அடக்கம் என்று தள்ளிவிட இயலாது.

1972 ஆம் ஆண்டு பிப்ரவரி 20 ஆம் நாள் அம்மையார் சான் டியேகோவில் காலமானார். உறவினர் விதி ஏறத்தாழ அக்காலத்தில்தான் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டு வந்தது. பௌதிகத்தில் நோபல் பரிசு பெற்ற மூன்றாம் பெண்மணி கனடா நாட்டு டோனா ஸ்டிரிக்லண்ட், ஆண்டு 2018. லேசர் ஒளியைப் பற்றிய தம் டாக்டர் பட்ட ஆய்வேட்டில் அவர் மேற்கோள் காட்டியவர்களுள் ஒருவர் மரியா கோப்பர்ட் மேயர். காட்டியது, ஓர் அணு இரண்டு ஒளித்துகள்களை ஒருங்கே விழுங்கும் என்ற அந்தப் பழைய கணக்கையே. பரிசு அறிவிக்கப்பட்ட அன்று ஸ்டிரிக்லண்ட் அம்மையார் இன்னும் இணைப் பேராசிரியராகவே இருந்தார். ஏன் என்று செய்தியாளர்கள் வியந்து கேட்டனர். முழுப் பேராசிரியர் பதவிக்குத் தாம் விண்ணப்பிக்கவே இல்லை என்று அவர் சொன்னார்.